இருநூறு வருஷத்துப் பழக்கம்

1

என் வீட்டுக்குள் நடந்த துரோகத்தை எனக்கு விழுப்புரத்திலிருந்து போன் பண்ணிச் சொன்னார்கள். சொன்னவன் என் தம்பி சேசுராஜ். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு அது துரோகம் என்று தெரியாது. ஏதோ நல்ல செய்தி சொல்லும் குரலில்தான் ஆரம்பித்தான்.

“ண்ணா, உங்க ஊரு பெரிய கோயில்ல செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போவணுமாமே? இருநூறு வருஷமா அப்படித்தானாமே? இத்தினி நாளா சொல்லவே இல்லியே நீங்க!”

“யார்ரா சொன்னது?”

“நம்ம ஜெசிதான். வீடியோல நின்னுக்கினு பேசுது. இன்னா ஸ்டைலு! கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடுது, பெரியவன் படிச்சுச் சொன்னான். குரூப்ல போட்டுக்கீறேன், பாருங்க.”

பார்த்தேன். என் மகள் ஜெசிந்தா நகராட்சி சுற்றுலா அலுவலகத்தின் நீலச் சட்டையில், எங்கள் ஊர்ப் பெரிய கோயிலான தேவாலயத்தின் வாசலில் நின்று பேசுகிறாள். கோட்டை இருந்த காலத்திலிருந்தே இந்த ஊர் மக்கள் காலணியை வாசலில் விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார்களாம். சிப்பாய், குடியானவன், பூர்வகுடி எல்லாரும் இங்கே வெறுங்காலில் ஒன்றாம். ஊரின் ஆண்டு விழா அன்று நீங்களும் வாருங்கள், இருநூறு வருஷத்துப் பழக்கத்தில் எங்களோடு நடந்து பாருங்கள் என்று சிரித்து முடிக்கிறாள்.

கடைந்தெடுத்த பொய். அந்த வாசலில் முதன்முதலாகச் செருப்பைக் கழற்றியவன் நான். விழுப்புரத்தை அடுத்த கோலியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவன். இருநூறு வருஷமெல்லாம் இல்லை, இருபத்திரண்டு வருஷம்தான் ஆகிறது.

இந்தக் குறிப்புகளில் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மகளுக்குச் சங்கடம் வரும். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைக்கிறேனே, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

2

அர்ஜென்டினாவின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லாத சமவெளியில் இருக்கிறது இந்த ஊர். நான் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன். சென்னைக் கம்பெனி ஒன்று இங்கே ஓர் ஆலைக்கு இயந்திரம் விற்றது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஆறு மாதம் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். ஆறு மாதம் முடிந்தபோது ஆலைக்காரர்கள் இருந்துவிடச் சொன்னார்கள். மறு வருஷம் மனைவி புஷ்பத்தையும் மூன்று வயது ஜெசியையும் வரவழைத்தேன்.

மல்லாட்டையின் பூர்வீகம் இந்தக் கண்டம் என்பதே இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அது எங்கள் செம்மண்ணில் தானாக முளைத்த பயிர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆலையில் சொன்னபோது நான் நம்பவில்லை. சண்டைக்கே போனேன்.

விழுப்புரத்துக்காரனுக்கு ஜங்ஷன் என்றால் தனி மரியாதை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஸ்டேஷனைப் பார்ப்பேன். வந்த முதல் வாரமே இங்கேயும் போனேன். பெரிய கட்டடம். பிளாட்பாரம் இருந்தது, கடிகாரம் இருந்தது, ரயில் இல்லை. பயணிகள் ரயில் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம். டிக்கெட் கொடுக்கும் அறையில் பெண்களுக்கு நடனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் ஏமாந்த ஏமாற்றத்தைப் புஷ்பத்துக்கு நாலு பக்கம் கடிதமாக எழுதினேன்.

ஊரின் கதையை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஒஸ்வால்தோ, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். ஆற்றங்கரையில் முதலில் இருந்தவர்கள் ரான்கேல் என்ற பூர்வகுடிகள். கடற்கரையிலிருந்து சிலி நாட்டுக்குப் போகும் வண்டிப் பாதையைக் காக்க ஸ்பானியர்கள் மண்கோட்டை கட்டினார்கள். பூர்வகுடிகள் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், சிப்பாய்கள் போய் ஆட்களை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு ராணுவம் வந்தது, ரான்கேல் மக்கள் காணாமல் போனார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி ரயில் விட்டது. அந்த ரயிலில் இத்தாலியக் குடியானவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு ஊரின் பழைய குடும்பங்கள்.

நம் ஓமந்தூர்க்காரரிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் முதல் வாக்கியத்திலேயே அந்த ஊரில் பிறந்த முதலமைச்சர் வந்துவிடுவார். இந்த ஊர்க்காரரிடம் கேட்டால் கோட்டை வந்துவிடும். கோட்டையில் ஒரு செங்கல் கூட இப்போது இல்லை. ஊர் நடுச் சதுக்கமான பிளாசாவில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் ஸ்தாபகர் இந்த ஊரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை என்பார் ஒஸ்வால்தோ. பூர்வகுடிகளைத் துரத்திய தளபதிக்கு ஒரு தெரு, துரத்தப்பட்ட தலைவனுக்கு ஒரு தெரு. இரண்டும் ஒரு மூலையில் சந்திக்கின்றன. அந்த முனையில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது.

நல்ல ஜனங்கள்தான், அதையும் சொல்லவேண்டும். பகல் ஒரு மணிக்கு ஊரே கடையைச் சாத்திக்கொண்டு தூங்கப் போகும். ஐந்து மணிக்கு எழுந்து வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்து ‘நீ எங்களில் ஒருவன்’ என்பார்கள். அந்த வார்த்தையை நான் முழுசாக நம்பினேன்.

3

எங்கள் பக்கத்தில் கோயிலுக்குள் செருப்போடு போவது என்ற பேச்சே கிடையாது. மாதா கோயிலாக இருந்தாலும் அம்மன் கோயிலாக இருந்தாலும் வாசலோடு சரி. திருவிழா அன்று கோயில் வாசலில் செருப்பு தொலைப்பது எங்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் விஷயம். வெறுங்காலில் பஸ் ஏறிக் கோலியனூர் கூட்ரோட்டில் இறங்கி நடந்த நாட்கள் உண்டு.

ஆகவே இங்கே முதல் ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயில் படியேறியபோது, யோசிக்காமல் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உள்ளே எல்லாரும் ஷூவோடு. ஒரு கிழவி என் காலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கவேண்டும். வெளியே வந்தால் ஒரு ஷூவைத் தெருநாய் கவ்விக்கொண்டு போயிருந்தது. அப்படியும் நான் மாறவில்லை. ஷூவோடு முட்டி போட்டால் எனக்கு ஜெபம் வராது, அவ்வளவுதான். இங்கே குளிர்காலமான ஜூலையில் கல்தரை ஐஸாக இருக்கும். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு போவேன்.

புஷ்பம் கொஞ்ச நாள் என்னோடு கழற்றினாள், பிறகு மூட்டுவலி என்று விட்டுவிட்டாள். ஜெசி பத்து வயது வரை கழற்றினாள். ஒருநாள் பள்ளித் தோழிகள் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் எனக்குப் பத்தடி பின்னால்தான் கோயிலுக்கு வருவாள், யாரோ மாதிரி.

நான் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒஸ்வால்தோ என்னைத் தன் ஞாயிற்றுக்கிழமை நடைகளுக்குச் சேர்த்துக்கொண்டார். வெளியூரிலிருந்து வருபவர்களை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவது. அவருக்கு முழங்கால் போனதும் நானே கூட்டிப்போக ஆரம்பித்தேன். ஆற்றங்கரை, கோட்டை இருந்த இடம், ஸ்டேஷன், கடைசியில் பெரிய கோயில். திண்டிவனத்து மெக்கானிக் ஒருவன் அர்ஜென்டினாக்காரர்களுக்கு அவர்கள் சரித்திரத்தைச் சொல்வான். என் ஸ்பானிஷ் ஆலையில் கற்றது, பாதிக்குமேல் கெட்ட வார்த்தை. ஆனாலும் ரசித்துக் கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்பட்ட வேலை அதுதான்.

கோயில் வாசலில் நான் வழக்கப்படி ஷூவைக் கழற்றுவேன். வழிகாட்டியே கழற்றுகிறாரே என்று கூட்டமும் கழற்றும். நான் யாரையும் கழற்றச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. ஒருநாள் தலைநகரிலிருந்து வந்த ஒரு பெண்மணி, படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: “இது இந்த ஊரின் பழைய பழக்கமா? கோட்டைக் காலத்திலிருந்தா?”

இல்லை அம்மா, இது என் ஊர்ப் பழக்கம் என்று சொல்லியிருக்கவேண்டும். தலையை ஆட்டினேன். ரொம்பப் பழசு என்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை ஒருத்தி இந்த ஊருக்கே உரியது என்று நம்பிக் கேட்கிறாள். அந்த நிமிஷம் எனக்கு இனிப்பாக இருந்தது. கெடுக்க மனம் வரவில்லை.

அவள் படத்தோடு எழுதிப் போட்டாள். அடுத்த மாதம் வந்தவர்கள் நான் குனிவதற்கு முன்பே கழற்றினார்கள். ஒரு வருஷத்தில் உள்ளூர் ஆட்களே, விருந்தாளிகளோடு வரும்போது கழற்ற ஆரம்பித்தார்கள். என் தாத்தாவும் அப்படித்தான் செய்வார் என்று ஒரு இத்தாலியக் கிழவர் என்னிடமே சொன்னார். அன்றைக்குச் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

4

தம்பி போன் பண்ணிய அன்று மாலை ஜெசி வீட்டுக்கு வந்தாள். அவள் பேசும் தமிழ் அம்மாவிடமிருந்து வந்த திண்டிவனத்துத் தமிழ். கோபம் வந்தால் ஸ்பானிஷுக்குப் போய்விடுவாள். அன்று கடைசி வரை தமிழிலேயே பேசினாள், அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

“இன்னாம்மா இது, இருநூறு வருஷம்?”

“ஆபீஸ் வேலைப்பா. எழுதிக் குடுத்தத பேசினேன்.”

“யார் எழுதிக் குடுத்தது?”

பையைத் திறந்தாள், மூடினாள். “நான்தான் எழுதினேன்.”

“உனக்குத் தெரியாதா அது எங்கருந்து வந்துச்சுன்னு?”

“தெரியும். அந்த லேடி கேட்டப்ப ஆமான்னு தலையாட்டினது யாரு? நீதான? நான் அன்னிக்கு லீவுல உன்கூட வந்து பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். அப்ப நீ மாத்திச் சொல்லல. இப்ப நான் சொன்னா மட்டும் தப்பா?”

நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் விடவில்லை.

“மல்லாட்டை இவங்க மண்ணுதுதான? நம்ம ஊர்ல யாராச்சும் இவங்க பேரச் சொல்லிக்கினா வேவிச்சுத் துன்றோம்? நம்மளுதுன்னுதான சொல்றோம். நீயே சண்ட போட்டியாம், அம்மா சொல்லும்.”

“அதுவும் இதுவும் ஒண்ணா? மல்லாட்டைக்கு அப்பன் யாருன்னு யாருக்கும் தெரியாது. இதுக்குத் தெரியும். உங்கப்பன் உயிரோட எதிர்ல உக்காந்துக்கினு கீறேன்.”

“ஸ்கூல்ல எல்லாம் உன் காலப் பாத்துட்டு என்னக் கிண்டல் பண்ணாங்கப்பா. இப்ப அதே பொண்ணுங்க வந்து ஷூவக் கழட்டறாளுங்க. உனக்கு இதுல இன்னா பேஜாரு? ஜெயிச்சுட்டோம்ல?”

“ஒரே ஒரு வரி சொல்லு. ஆண்டு விழா அன்னிக்கு, கோயில் வாசல்ல, இது எங்கப்பா ஊர்ப் பழக்கம்னு. வேற ஒண்ணும் கேக்கல.”

ஜெசி என்னை நேராகப் பார்த்தாள். “அப்படிச் சொன்னா ஒருத்தனும் கழட்ட மாட்டாம்ப்பா.”

அது உண்மை என்று இருவருக்கும் தெரிந்தது. சமையலறையிலிருந்து புஷ்பம் வந்து, “அவரு கேக்கறத சொல்லிட்டுப் போயேன்டி, இன்னா கொறஞ்சிடப் போவுது?” என்றாள். ஜெசி பையை எடுத்துக்கொண்டு, “சரி, பாக்கறேன்” என்றாள். அந்த ‘பாக்கறேன்’ எனக்குப் போதுமானதாக இருந்தது. பெற்ற பெண் சொன்னால் நம்பத்தானே செய்வோம்.

5

விழா நடையை நானே கூட்டிப்போயிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அதற்கும் வழி இல்லாமல் போயிருந்தது. இனிமேல் நகராட்சி அட்டை உள்ள வழிகாட்டிகள் மட்டுமே என்று விதி போட்டிருந்தார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் வேண்டும். நான் பிறந்ததற்கு ஞானஸ்நானப் பதிவேடுதான் சாட்சி. தம்பி பங்குக் கோயிலில் நின்று அதை வாங்கி அனுப்பினான். இது மத ஆவணம், அரசு ஆவணம் அல்ல என்றார்கள். விழுப்புரம் தாலுகா ஆபீஸுக்கு மூன்று நடை நடந்து அவன் வேறொரு காகிதம் வாங்கினான். அதில் முத்திரைமேல் முத்திரை வேண்டும், பிறகு அரசிடம் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எல்லாம் சேர்ந்தபோது பள்ளிச் சான்றிதழில் ஒன்பதாம் வகுப்புதான் இருக்கிறது, பன்னிரண்டு வேண்டும் என்று கோப்பை மூடினார்கள்.

அந்தக் கோப்பு இருந்தது ஜெசியின் மேசையில். மூடியது அவள் அல்ல, அவளுடைய மேலதிகாரி. ஆனால் மூடிய கடிதத்தை அச்செடுத்து, உறையில் போட்டு, ஒட்டி, தபாலில் அனுப்பியது அவள். ஒரே ஊரில் மூன்று தெரு தள்ளி இருக்கும் அப்பாவுக்குத் தபாலில். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஆரம்பித்தது.

ஒஸ்வால்தோவிடம் புலம்பினேன். அவர் சொன்ன ஸ்பானிஷை எங்கள் ஊர்ப் பேச்சில் போட்டால் இப்படி இருக்கும்: “இந்த ஊரப் பத்தி உனக்கு இருவது வருஷமா இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? இது எல்லாத்தையும் எடுத்துக்கும். குடுத்தவன் பேர மட்டும் வெச்சுக்காது. செத்தப்புறம் தெருவுக்கு வெக்கும்.”

“எனக்குத் தெரு வேணாம். என் பொண்ணு வாயால ஒரு வரி வேணும்.”

“அவ இந்த ஊர்ப் பொண்ணாச்சேப்பா,” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

விழாவுக்கு முந்தைய நாள் ஜெசியை போனில் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்குப்பா, ஜல்தி ஜல்தியா ஓடிக்கினு இருக்கேன், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன். அவள் அந்த வரியைச் சொல்லும்போது கூட்டம் திரும்பிப் பார்க்கும், அப்போது நான் பார்க்கும்படி இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நினைத்தது நிஜம்.

6

விழா அன்று நல்ல வெயில். புஷ்பம் வரவில்லை. “ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நின்னு இன்னா பண்ணப்போறேன்” என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஊரே தெருவில் இருந்தது. ஆற்றங்கரையில் ஆரம்பித்தார்கள். ஜெசி கையில் மைக். நான் கூட்டத்தின் நடுவில் நடந்தேன். கோட்டை இருந்த இடத்தில் அவள் சொன்னதெல்லாம் நான் சொல்வது, நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி. ஸ்டேஷன் வாசலில் நான் சொல்லும் வேடிக்கையைச் சொன்னாள், நான் சொல்லும்போது சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அவள் ஸ்பானிஷ் அவ்வளவு நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் தாண்டி எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பெரிய கோயில் வாசலில் மரப்பலகை வைத்து அடுக்கு அடுக்காகத் தட்டுகள் போட்டிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் காலணியை வாங்கி எண் போட்ட அட்டை கொடுத்தார்கள். நகராட்சித் தலைவர் முதல் வரிசையில் நின்றார். ஜெசி படியில் ஏறித் திரும்பினாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள். நான் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டேன்.

“இந்த வாசலில்,” என்றாள், “இருநூறு வருஷமாக நம் முன்னோர்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள்.”

கொஞ்சம் நிறுத்தினாள். அந்த வரி வர இடம் இருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகராட்சித் தலைவரைப் பார்த்துச் சிரித்து, “நாமும் செய்வோம்” என்று முடித்துவிட்டாள். கைதட்டினார்கள். தலைவர் குனிந்தார், எல்லாரும் குனிந்தார்கள்.

நான் குனியவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக, ஷூவோடு கோயிலுக்குள் போவது என்று முடிவு செய்தேன். பிறந்த ஊரில் செய்யாததை, இங்கே இத்தனை குளிர்காலத்திலும் செய்யாததைச் செய்யப்போனேன். வேறு எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. படியேறினேன். என் ஷூ சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

நிலைப்படியில் ஒரு மஞ்சள் சட்டைப் பெண் என் முன்னால் கையை நீட்டினாள். இருபது வயது இருக்கும். கோபமில்லை, மரியாதையாகத்தான் பேசினாள்.

“ஐயா, வெளியூரிலிருந்து வந்திருக்கிறீர்களா? இங்கே உள்ளே போகும்போது காலணியைக் கழற்றவேண்டும். எங்கள் ஊரின் பழைய பழக்கம். தயவுசெய்து மதியுங்கள்.”

ஜெசி இரண்டு அடி தள்ளி நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. இவர் என் அப்பா என்று சொன்னால் போதும், ஒரு வரிகூட வேண்டாம். அவள் முகம் சிவந்தது. கிட்டே வந்தாள். அந்தப் பெண்ணிடம் ஸ்பானிஷில், “பரவாயில்லை, அவருக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, யாருக்கும் புரியாத எங்கள் தமிழில், உதடு அசையாமல், “கழட்டுப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

எனக்குப் பின்னால் ஜனங்கள் வெறுங்காலோடு காத்துக்கொண்டிருந்தார்கள். குனிந்தேன். லேஸை அவிழ்த்தேன். மஞ்சள் சட்டைப் பெண் பொறுமையாக நின்று ஷூவை வாங்கித் தட்டில் வைத்தாள். அட்டையை என் கையில் கொடுத்து, “எங்கள் ஊருக்கு வந்ததற்கு நன்றி, ஐயா” என்றாள்.

ஜெசி இதற்காவது வாய் திறப்பாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுத்த கூட்டத்தை அழைத்துவரப் படியிறங்கிப் போய்விட்டிருந்தாள்.